மறுபடியும் கூப்பிடறேன், டாக்டர்

அந்த ஆஸ்பத்திரியில் முந்தின வருஷம் பதினான்கு புது நர்சுகள் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஆறு மாதம் முடிவதற்குள் எட்டுப் பேர் நின்றுவிட்டார்கள். அதில் ஒருத்தி மதியச் சாப்பாட்டுக்கென்று வெளியே போனவள், அடையாள அட்டையை வாசல் காவலாளியின் கையில் கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டாள்.

"இந்த வருஷம் பன்னெண்டு பேர் வராங்க," என்றார் மேட்ரன், அறுவை சிகிச்சை வார்டின் தலைமை நர்சைத் தன் அறைக்குக் கூப்பிட்டு. "பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிட்டா மட்டும் வார்டுல நின்னுட முடியாதுன்னு உங்களுக்கே தெரியும். சேர்ந்த உடனே ஒரு பயிற்சி குடுக்கணும். நீங்கதான் அதைத் தயார் பண்றீங்க. ஆறு வாரம் டைம்."

"நானா மேடம்? எனக்கு ஊசி போடத் தெரியும். பாடம் போடத் தெரியாது."

"பாடம் போடத் தெரிஞ்சவங்க போட்டதுதான் போன வருஷம்," என்றார் மேட்ரன்.

வீட்டில் அவள் பெரியவள். நாற்பத்து மூன்று வயதாகியும் அம்மாவுக்கு அவள் பெரியவள்தான்; அவளைவிட ஆறு வயது இளைய தங்கை சின்னவள். பெரியவளுக்கு வேலையில் இருபது வருஷ அனுபவம். நோயாளியின் முகத்தைப் பார்த்தே காய்ச்சலா வலியா என்று சொல்லிவிடுவாள். ஆனால் தனக்குத் தெரிந்ததை எங்கே ஆரம்பித்து எப்படிச் சொல்வது என்று அவளுக்குப் புரியவில்லை. அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

கை கழுவுவதில் தொடங்கினாள். மருந்து கொடுக்கும் முறை, ரத்தம் ஏற்றும் முறை, புண் கட்டும் முறை, படுக்கைப் புண் வராமல் பார்ப்பது, கேஸ் ஷீட் எழுதுவது, ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைப்பது. மூன்று வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு ஸ்லைடுகள் சேர்ந்துவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவற்றைப் போட்டுக்காட்டக் கணவரைச் சோபாவில் உட்காரவைத்தாள். அவர் டவுன் பஸ் டிரைவர். ஒழுங்காக நிமிர்ந்து உட்கார்ந்துதான் பார்த்தார். பத்தொன்பதாவது ஸ்லைடில் குறட்டை கேட்டது.

"ஏங்க!"

"முழிச்சுட்டுத்தான் இருக்கேன். கை கழுவணும்."

"அது முதல் ஸ்லைடு."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "தப்பா நெனச்சுக்காத. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதெல்லாம் தெரியாமலா அந்த எட்டுப் பேர் போனாங்க? படிச்சிட்டுத்தானே வந்தாங்க? ஏன் போனீங்கன்னு யாராவது அவங்களக் கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. திங்கட்கிழமை பெரியவள் அலுவலகத்தில் அந்த எட்டுப் பேரின் நம்பர்களை வாங்கி ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். மூன்று பேர் எடுக்கவில்லை. ஒருத்தி தூரம் என்றாள், ஒருத்தி கல்யாணம் என்றாள், ஒருத்திக்கு வேறு வேலை கிடைத்திருந்தது. நான்காமவள், "உடம்பு சரியில்ல சிஸ்டர்," என்று பொதுவாகச் சொல்லி வைத்துவிட்டாள். பஸ் ஏறிப் போனவள் மட்டும், "இப்பவும் ஃபோன் அடிச்சா எனக்குப் பயமா இருக்கு சிஸ்டர்," என்றாள். ஏன் என்று கேட்பதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். பெரியவளால் அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

சாயங்காலம் இதைக் கேட்ட கணவர், முதுகைச் சுவரில் சாய்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "யாரோ எட்டுப் பேர எதுக்குத் தேடிட்டு இருக்க? உன் கூடப் பொறந்தவளும் இதே வேலைய விட்டுட்டுப் போனவதானே?"

நிஜம்தான். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் சின்னவளும் லைசென்ஸ் வாங்கி, வேறொரு ஆஸ்பத்திரியில் நாலு மாதம் வேலை பார்த்தாள். ஒருநாள் யூனிஃபார்மைத் துவைத்து, இஸ்திரி போட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். நின்று நின்று கால் வலி என்று வீட்டில் சொன்னார்கள். அவளும் ஆமாம் என்றாள். அதற்குப் பிறகு அக்காளும் தங்கையும் குழந்தைகள், அம்மாவின் மாத்திரை, மாவு மிஷின் ரிப்பேர் என்று எல்லாவற்றையும் பேசினார்கள். இதை மட்டும் பேசவில்லை.

சின்னவள் இப்போது ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். மறுநாள் மதியம் பெரியவள் அங்கே போனபோது, அவள் ஒரு பொடி ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு யாருடைய கண்ணாடியின் காதுக் கம்பியையோ முடுக்கிக்கொண்டிருந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை.

"என்ன அக்கா, இந்த நேரத்துல? உனக்கும் வெள்ளெழுத்து வந்துருச்சா?"

"ஒண்ணு கேக்கணும்டி. கோச்சுக்கக் கூடாது." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீ ஏன் வேலைய விட்ட?"

ஸ்க்ரூடிரைவர் நின்றது. "கால் வலின்னு சொன்னேனே."

"இப்பவும் காலையில இருந்து நின்னுட்டுத்தானே இருக்க?"

சின்னவள் சிரித்துவிட்டாள். அக்காள் பயிற்சியைப் பற்றியும், அந்த எட்டுப் பேரைப் பற்றியும், ஃபோனில் அழுத பெண்ணைப் பற்றியும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"ஒரு வாத்தியார் இருந்தாரு. வயித்துல ஆபரேஷன் ஆகி ரெண்டாவது நாள். மத்தியானம் பாக்கும்போது பல்ஸ் கொஞ்சம் கொஞ்சமா ஏறிட்டே இருந்துது. பி.பி. சரியாத்தான் இருந்துது. ஆனா மனுஷன் படுக்க மாட்டேங்கறாரு. புரண்டு புரண்டு படுக்கறாரு, தாகம் தாகம்ங்கறாரு. எனக்கு ஏதோ சரியில்லன்னு பட்டுது. ட்யூட்டி டாக்டருக்கு ஃபோன் போட்டேன். 'வலி இருந்தா பல்ஸ் ஏறும். இதுகூடத் தெரியாதா? படிச்சுட்டுத்தானே வந்த?'ன்னு கேட்டுட்டு வெச்சுட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. ஃபோனையே பாத்துட்டு நின்னேன். மறுபடி கூப்பிடலாமான்னு ஒரு நாப்பது தடவ யோசிச்சிருப்பேன். நம்பரக் கூட அமுத்துனேன் அக்கா, கடைசி நம்பர் மட்டும் அமுத்தல. ஒன்றரை மணி நேரம் கழிச்சு அவரு கண்ணு சொருகிட்டாரு. உள்ளுக்குள்ள ரத்தம் போயிட்டே இருந்திருக்கு. திரும்ப ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனாங்க. ஒன்பது நாள் ஐசியூவுல இருந்தாரு. பொழச்சுட்டாரு."

"பொழச்சுட்டாருல்ல..."

"ம். பொழச்சுட்டாரு." சின்னவள் மேஜைமேல் இருந்த துணியை மடித்தாள். "வார்டுல யாரும் என்ன ஒண்ணும் சொல்லல. அதான் கஷ்டம். திட்டக்கூட இல்ல. வீட்டுக்கு வந்து உங்கிட்ட சொன்னேன். நீ துணி மடிச்சுட்டு இருந்த. 'ரெண்டாவது தடவ கூப்பிட்டிருக்க வேண்டியதுதானே'ன்னு சொல்லிட்டு, அடுத்த சட்டைய எடுத்த."

பெரியவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் அப்படியா சொன்னேன்?"

"ஆமா."

"எனக்கு ஞாபகமே இல்லடி."

"உனக்கு எதுக்கு ஞாபகம் இருக்கணும்? நீ தப்பா ஒண்ணும் சொல்லலையே. கூப்பிட்டிருக்க வேண்டியதுதான். அது எனக்கும் தெரியும். அதனாலதான் முடியல."

அப்போது ஒருவர் தன் மகளோடு கடைக்குள் வந்தார். சின்னவள் எழுந்து போய், அந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு ஃப்ரேமாகப் போட்டுப் பார்த்து, கண்ணாடியில் முகம் காட்டி, மூக்கில் இறங்குகிறதா என்று குலுக்கச் சொல்லி, கால் மணி நேரம் நிதானமாக வேலை பார்த்தாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெரியவள் தங்கையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை பொறுமையான கைகள். கட்டுப் போட்டால் நோயாளிக்குத் தெரியவே தெரியாது.

அவர்கள் போய்ச் சின்னவள் திரும்ப வந்து உட்கார்ந்ததும், "நான் என்ன சொல்லியிருக்கணும்?" என்று பெரியவள் கேட்டாள்.

சின்னவள் உண்மையாகவே யோசித்தாள். "'எனக்கும் ஒரு தடவ இப்படி ஆச்சு'ன்னு சொல்லியிருக்கலாம். ஆச்சா, உனக்கு?"

"ஒரு தடவயா? மூணு தடவ."

"பாத்தியா! மூணையும் உள்ளயே வெச்சுக்கிட்டு என்ன மட்டும் கேட்ட." குரலில் கோபம் இல்லை. ஆனால் இருவருக்கும் கண் கலங்கியது. பெரியவள் ஸ்டூலிலிருந்து எழுந்து மேஜையைச் சுற்றிப் போய்த் தங்கையின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அடையாள அட்டை குத்துது," என்றாள் சின்னவள். ஆனாலும் விலகவில்லை.

வீட்டுக்கு வந்த பெரியவள் இருநூற்றுப் பன்னிரண்டு ஸ்லைடுகளில் முப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் படிக்கக் கொடுக்கும் புத்தகமாக மாற்றினாள். பயிற்சியின் முதல் நாள் ஸ்லைடே கிடையாது: வார்டைச் சுற்றி வருவது, அவசர வண்டியின் எந்த இழுப்பறையில் எது இருக்கிறது என்று திறந்து பார்ப்பது, உதவிக்கு யாரை எந்த நம்பரில் கூப்பிடுவது, வார்டு ஆயா எந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்று தெரிந்துகொள்வது. இரண்டாம் நாள் முழுக்க ஃபோன். ஒரு பெரிய தாளில் நாலு வரி எழுதினாள்: நான் யார். யாரைப் பற்றிப் பேசுகிறேன். என்ன பார்த்தேன். எனக்கு என்ன வேண்டும். அடியில் யோசித்து ஐந்தாவதாக ஒன்று சேர்த்தாள்: பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லலாம்; மறுபடியும் கூப்பிடலாம்.

கடைசியாக ஓர் ஏற்பாடு. முதல் மூன்று மாதம், ஷிஃப்ட் முடிந்ததும் பத்து நிமிஷம், ஒவ்வொரு புது நர்சும் ஒரு பழைய நர்சோடு உட்கார வேண்டும். அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். முதலில் சொல்ல வேண்டியது பழைய நர்ஸ். அதுவும் தான் செய்த தப்பை.

ஃபோனில் டாக்டராகப் பேச ஆள் வேண்டும். பெரியவள் வீட்டில் பேசிப் பார்த்தாள். கேட்டுக்கொண்டிருந்த சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ திட்டினா, குழந்தைக்குச் சோறு ஊட்டற மாதிரி இருக்கு. நான் பேசறேன் பாரு." தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "யாரும்மா அது? என்ன பல்ஸு? எனக்கு இங்க ஆறு கேஸு!" என்று ஒரு போடு போட்டாள். உள்ளறையில் இருந்த கணவர் எழுந்து வந்து, "யாரு வந்திருக்காங்க?" என்றார்.

மேட்ரன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. வெளியாள் எப்படி வரலாம், டாக்டர்களைக் கிண்டல் செய்வதாகிவிடாதா என்றார். "அவ வெளியாள் இல்ல மேடம்," என்றாள் பெரியவள். "போன வருஷம் போனாங்களே எட்டுப் பேர், அவங்கள்ல ஒருத்தி மாதிரி. பதிமூணு வருஷம் முன்னாடியே போனவ." மேட்ரன் பேனாவை மூடி மூடித் திறந்தார். பிறகு, தலைமை சர்ஜனும் வந்து கேட்பதாக இருந்தால் சரி என்றார்.

பன்னிரண்டு பேரும் வந்தார்கள். கசங்காத யூனிஃபார்ம், கசங்காத முகம். சின்னவளுக்குக் கடை விடுமுறை புதன்கிழமை என்பதால் ஃபோன் பயிற்சியும் புதன்கிழமை. அவள் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் கட்டிலில் பயிற்சிப் பொம்மை. பக்கத்தில் எழுதி வைத்த பல்ஸ், பி.பி. ஒவ்வொருத்தியாக ரிசீவரை எடுத்தார்கள். சின்னவள் ஒரு டாக்டராக இல்லை. பல டாக்டராக இருந்தாள். அவசரப்படுகிறவர், காதில் வாங்காதவர், சிரித்தே மழுப்புகிறவர், "ம்" என்று மட்டும் சொல்கிறவர். பின்வரிசையில் இருந்த தலைமை சர்ஜன் நாலாவது டாக்டர் பேசும்போது மேட்ரனிடம் குனிந்து, "நான் இவ்வளவு மோசமாவா பேசறேன்?" என்றார். மேட்ரன் இருமினார்.

ஒன்பதாவதாக வந்தவளுக்குக் குரலே கிடையாது. பக்கத்தில் நின்றாலும் கேட்காது. அதனால் சேர்ந்த முதல் நாளே மற்ற பெண்கள் அவளுக்குக் கேலியாக மைக்செட் என்று பேர் வைத்துவிட்டார்கள். அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "டாக்டர், நான்..." என்றாள்.

"சத்தமாப் பேசும்மா! படிச்சுட்டுத்தானே வந்த?"

மைக்செட் ரிசீவரை வைத்துவிட்டாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பெரியவள் ஓரடி எடுத்து வைப்பதற்குள் பக்கத்துக் கதவு திறந்தது. சின்னவள் வேகமாக வந்து அவள் முன்னால் நின்றாள். மைக்செட்டின் தோள் உயரம்தான் இருந்தாள்.

"நான்தான்மா அந்த டாக்டர். நல்லாப் பாரு. இவ்ளோதான் இருக்கேன்."

அழுகைக்கு நடுவே மைக்செட்டுக்குச் சிரிப்பு வந்தது. சின்னவள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒருத்தர் எங்கிட்ட இப்படித்தான் கேட்டாரு. நானும் வெச்சுட்டேன். அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல." சுற்றி இருந்த பெண்கள் அனைவரும் கேட்க, வாத்தியார் கதையை முழுசாகச் சொன்னாள். பதின்மூன்று வருஷத்தில் அதை மூன்றாவது தடவையாகச் சொன்னாள். முடித்ததும், "நான் உள்ள போறேன். நீ மறுபடி கூப்பிடு. நான் இன்னும் மோசமாத் திட்டுவேன். நீ பாட்டுக்குச் சொல்ல வேண்டியதச் சொல்லு. மெதுவாச் சொன்னாலும் பரவால்ல, முழுசாச் சொல்லு," என்றாள்.

மைக்செட் அன்றைக்கு ஐந்து தடவை கூப்பிட்டாள். ஐந்தாவது தடவை பக்கத்து அறையிலிருந்து, "சரிம்மா தாயே, வரேன்!" என்று சத்தம் கேட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். சர்ஜனும் தட்டினார்.

ஏழு வாரம் கழித்து ஒரு காலை, பதினோரு மணி இருக்கும். பெரியவள் பயிற்சி அறையில் இருந்தாள். வார்டில் மைக்செட் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவுக்கு முந்தின நாள் கர்ப்பப்பை ஆபரேஷன். அந்த அம்மா காலையில் நன்றாகப் பேசினவர், இப்போது கண்ணைத் திறக்கச் சலித்துக்கொண்டார். பல்ஸ் நூற்றுப் பத்து. மைக்செட் ட்யூட்டி டாக்டரைக் கூப்பிட்டாள். ட்ரிப்பை வேகமாக விடு, வருகிறேன் என்றார். வரவில்லை. இருபது நிமிஷத்தில் பல்ஸ் நூற்று இருபத்து நாலு. மறுபடி கூப்பிட்டாள்.

"இப்பத்தானேம்மா சொன்னேன்!"

பக்கத்தில் மருந்து எடுத்துக்கொண்டிருந்த பழைய நர்ஸ் பிறகு சொன்னார்: அந்தப் பெண்ணுக்கு வார்த்தை ஓர் இடத்திலும் தடுக்கவில்லையாம். "டாக்டர், நான் மறுபடியும் கூப்பிடறேன். பல்ஸ் நூத்தி இருபத்தி நாலு. பி.பி. இறங்குது. வயிறு கெட்டியா இருக்கு. கை ஜில்லுன்னு இருக்கு. எனக்குப் பயமா இருக்கு. நீங்க இப்பவே வந்து பாக்கணும்."

டாக்டர் இரண்டு மாடி படியேறி ஓடி வந்தார். பன்னிரண்டு மணிக்குள் அந்த அம்மா தியேட்டரில் இருந்தார். உள்ளே ஒரு ரத்தக்குழாயின் கட்டு நழுவியிருந்தது. இரண்டு மணிக்கு வெளியே வந்து, தன் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார்.

பெரியவள் விஷயம் கேட்டு வார்டுக்கு வந்தபோது, மைக்செட் பொருள் வைக்கும் அறையில் சலைன் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். "சிஸ்டர், நான் முதல் தடவயே அழுத்திச் சொல்லியிருக்கணும். இருபது நிமிஷம் போயிடுச்சு," என்றாள்.

பெரியவள் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள். "நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், ஒருத்தருக்கு இதே மாதிரி. நான் எவ்வளவு நேரம் விட்டேன் தெரியுமா? ரெண்டு மணி நேரம்," என்று ஆரம்பித்தாள். இருபது வருஷத்தில் யாரிடமும் சொல்லாததை அந்தப் பெட்டிகளுக்கு நடுவே சொன்னாள். மைக்செட் கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "என் மூணு பேஷன்டையும் யாரு பாக்கறாங்க?" என்று எழுந்தாள்.

மதியம் பெரியவள் கண்ணாடிக் கடைக்கு ஃபோன் செய்தாள். நடந்ததைச் சொல்லி முடித்தபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"சின்னவளே? இருக்கியா?"

"இருக்கேன். அந்த அம்மாவுக்கு எத்தன பிள்ளைங்க?" என்றாள்.

"ஒரே பொண்ணு. வெளியிலதான் உக்காந்திருந்தா."

"ம்." மூக்கை உறிஞ்சும் சத்தம். "கடையில ஆள் நிக்கறாங்க அக்கா. நான் அப்புறம் பேசறேன்." வைக்கவில்லை.

வருஷக் கடைசியில் பன்னிரண்டில் பதினோரு பேர் இருந்தார்கள். போன ஒருத்தியும் மேல்படிப்புக்குப் போனாள். போகும்போது வார்டுக்கே இனிப்பு வாங்கிக் கொடுத்தாள். சின்னவள் மறுபடி நர்ஸ் வேலைக்கு வருவாளா என்று பெரியவள் ஒரே ஒரு தடவை கேட்டாள். "எனக்குக் கண்ணாடிக் கடைதான் அக்கா பிடிச்சிருக்கு. பயந்து சொல்லல, நெஜமாவே," என்றாள். பெரியவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அடுத்த வருஷம் பதினாறு பேர் வந்தார்கள். அந்தப் புதன்கிழமை பதினாறு பேரையும் திட்டி முடித்தபோது சின்னவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. எல்லோரும் போன பிறகு, பயிற்சிப் பொம்மையைச் சுவர்ப் பக்கம் நகர்த்திவிட்டு அக்காளும் தங்கையும் கட்டிலில் ஏறி உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள். பெரியவள் ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"ரொம்பச் சுடுது."

"ஊதிக் குடி."

சின்னவள் ஊதிக் குடித்தாள். வெளியே நடையில் புதுப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி டாக்டர் குரலில் திட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போவது கேட்டது.